திரும்பி வருவோர்: பூஜ்யம்

டால்ஷோ
ஆகஸ்ட் 28

அன்புள்ள டிஸா அக்காவுக்கு,

இந்தக் கடிதத்திலிருந்து, இங்கே நடக்கிற எல்லாவற்றையும் உண்மையாக எழுதப் போகிறேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். யார் மனம் நோகும் என்று பார்த்து எதையும் விடவும் மாட்டேன். தொலைபேசியில் பேசினால் அம்மா பாதியில் பிடுங்கிக்கொண்டு "சாப்பிட்டியா, ஸ்வெட்டர் போட்டியா" என்று கேட்டே நேரத்தைத் தீர்த்துவிடுகிறாள். அதனால் நமக்குத் தாள்தான். தபால்காரர் இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வருகிறார் என்பதை மட்டும் நினைவில் வை.

நானும் அம்மாவும் நலம். அப்பா மரலாரியோடு வாரம் முழுக்க வெளியே. உன் உடம்பு எப்படி?

பள்ளி திறந்துவிட்டது. ஏழாம் வகுப்பில் நாங்கள் நான்கு பேர். முதல் நாளே ஆஸ்தா டீச்சர் ஒரு செய்தி சொன்னார். எந்தப் பள்ளியை மூடலாம் என்று நகராட்சி பார்க்கிறதாம். பட்டியலில் நம் பள்ளியும் இருக்கிறதாம். எனக்கு வந்த கோபத்தில் பென்சிலைக் கடித்துவிட்டேன். மூடினால் நாங்கள் எல்லாரும் பேருந்தில் நகரத்துக்குப் போக வேண்டும், போக ஒரு மணி நேரத்துக்கு மேல், வர ஒரு மணி நேரத்துக்கு மேல். அம்மாவுக்குப் பள்ளிச் சமையலறை வேலை போய்விடும். ஊர் நூலகமும் பள்ளியின் பின் அறையில்தானே இருக்கிறது, அதுவும் போகும். அலமாரி அலமாரியாகப் படித்துக்கொண்டு வந்து, நான் இப்போதுதான் ஜன்னல் பக்கத்து அலமாரிக்கு வந்திருக்கிறேன்.

நீ பயன்பாட்டுப் புள்ளியியலில் முதுகலை படிப்பது எவ்வளவு நல்லதாயிற்று! ஒன்று சொல். ஓர் ஊரில் இன்னும் பத்து வருடம் கழித்து எத்தனை பிள்ளைகள் இருப்பார்கள் என்று ஒருவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? அவர் தப்பாகக் கண்டுபிடித்தால் அதை நாம் எப்படிக் கண்டுபிடிப்பது? விவரமாக எழுது. எனக்குப் புரியும்.

உன் அன்புத் தங்கை,
ஹில்லெவி


மாணவர் விடுதி
செப்டம்பர் 22

அன்புள்ள ஹில்லெவிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் நலம். இங்கே தெற்கில் இன்னும் கோட்டு இல்லாமல் நடக்கலாம் என்று சொன்னால் நீ பொறாமைப்படுவாய், அதனால் சொல்லவில்லை.

எங்கள் தளத்தில் எட்டுப் பேருக்கு ஒரே சமையலறை. பக்கத்து அறையில் நாஹித். தூர தேசத்தில் தப்ரீஸ் என்ற நகரத்திலிருந்து வந்து என்னோடு அதே வகுப்பில் படிக்கிறாள். அவளை நான் இரட்டிப்பாகக் கவனித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. இங்கே முதுகலை ஆய்வேட்டை எழுதிக் கொடுத்தால் மட்டும் போதாது. மே மாதம் எல்லார் முன்னாலும் அதைக் காத்து நிற்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஓர் எதிர்வாதியை நியமிப்பார்கள், சக மாணவரையே. ஆய்வேட்டை வரிவரியாகப் படித்துக் குற்றம் கண்டுபிடிப்பதுதான் அவர் வேலை. என் எதிர்வாதி நாஹித். என் ரொட்டியைத் தின்றுகொண்டே என் தவறுகளைச் சேர்த்து வைக்கிறாள்.

ஆய்வேடு மக்கள் இடம்பெயர்வைப் பற்றியது. வறண்ட விஷயம், உன்னைத் தூங்கவைத்துவிடும்.

உன் கேள்விக்குப் பதில் நீளமானது. பிறகு எழுதுகிறேன். காட்டில் சிவப்பு லிங்கன் பழம் பறித்தாயிற்றா? அம்மாவை முதுகு வலிக்கும்படி குனிய விடாதே.

அன்புடன்,
டிஸா


டால்ஷோ
அக்டோபர் 17

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம், அம்மாவின் முதுகு தவிர. நீ நலமா?

நேற்று பள்ளிச் சாப்பாட்டுக் கூடத்தில் கூட்டம். ஊரே வந்திருந்தது. மூஸ் மான் வேட்டைக் காலத்தில் ஆண்கள் ஒரு கூட்டத்துக்கு வந்தார்கள் என்றால் எவ்வளவு கோபம் என்று பார்த்துக்கொள். நகராட்சியிலிருந்து ஸ்டெல்லான் என்கிற அதிகாரி வந்தார். கைப்பின்னல் மேற்சட்டை, மென்மையான குரல். சுவரில் ஒரு படம் காட்டினார். ஒரே ஒரு நீலக் கோடு. கொஞ்ச தூரம் ஆடி ஆடிப் போயிற்று. பிறகு விழுந்தது.

"இது என்ன, பனிச்சறுக்குப் பாதையா?" என்றார் போர்யே, நம் பனி வாரும் வண்டிக்காரர். எல்லாரும் சிரித்தோம்.

"இது டால்ஷோ பிள்ளைங்களோட எண்ணிக்கை. அடுத்த பத்து வருஷத்துக்கு" என்றார் ஸ்டெல்லான்.

"அடுத்த பத்து வருஷத்தை யாரு போய்ப் பாத்துட்டு வந்தா?"

"கணக்கு சொல்லுது."

"என் பொண்டாட்டி மாசமா இருக்கறது உங்க கணக்குக்குத் தெரியுமா?"

"வாழ்த்துகள். அதையெல்லாம் சேத்துத்தான் போட்டிருக்கு."

"எங்களுக்கே போன வாரம்தான்யா தெரியும்!"

இப்போது ஸ்டெல்லானைத் தவிர எல்லாரும் சிரித்தார்கள். நான் கை தூக்கினேன். "கோடு ஏன் அந்த இடத்துல விழுது?" என்று கேட்டேன்.

"நல்ல கேள்வி. இங்கேருந்து இளம்பெண்கள் படிக்கப் போயிடறாங்க. திரும்பி வர்றதில்ல. அவங்க வரலைன்னா குழந்தைகளும் இல்ல." பிறகு என்னைப் பார்த்து அன்பாகக் கேட்டார், "நீயும் படிக்கப் போவ, இல்லையா?"

"போவேன்" என்றேன். நான் உண்மையைத்தானே சொன்னேன்! ஆனால் கூடம் முழுக்க ஒரு சிரிப்பு எழுந்தது, அவருக்குச் சாதகமான சிரிப்பு. பள்ளியை மூட நானே கை தூக்கியது போல் ஆகிவிட்டது. முகம் எரிந்தது. இரவு சாப்பிடவில்லை.

அக்கா, அந்தக் கோட்டை யார் போட்டது என்று கேட்டோம். "பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்வு" என்றார், அவ்வளவுதான். உனக்குத் தெரிந்த கணக்குதான் இது. எங்கே தப்பு என்று எனக்குக் காட்டு. நான் எழுதி எடுத்துக்கொண்டு போய் அந்த மேற்சட்டைக்காரர் முன்னால் படிக்கிறேன்.

பதில் சீக்கிரம் போடு.

உன் தங்கை,
ஹில்லெவி


டால்ஷோ
நவம்பர் 21

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாய் இருக்கிறாயா? இல்லை என்றால் மட்டும்தான் நீ பதில் போடாததை மன்னிப்பேன்.

நடமாடும் நூலக வண்டியில் சொல்லி வைத்து ஒரு புள்ளியியல் புத்தகம் வரவழைத்தேன். அட்டையில் சிரிக்கும் பகடைகள். அதை எழுதியவருக்கு நகைச்சுவை உணர்வு இருப்பதாக யாரோ பொய் சொல்லியிருக்க வேண்டும். மூன்றாம் அத்தியாயத்தில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரியாதது எனக்குப் பிடிக்காது என்று உனக்குத் தெரியும். உதவி செய்ய உலகத்தில் எனக்கு இருக்கிற ஒரே ஆள் நீ. அந்த ஒரே ஆள் ஐந்து வாரமாக வாயைத் திறக்கவில்லை.

அம்மா, "அவளுக்குப் படிப்பு ஜாஸ்தி, விடு" என்கிறாள். விட மாட்டேன்.

ஹில்லெவி


மாணவர் விடுதி
டிசம்பர் 1

அன்புள்ள ஹில்லெவி,

நலம். சளி பிடித்திருந்தது, போய்விட்டது. தேர்வு, தரவு, மறுபடி தேர்வு. கோபித்துக்கொள்ளாதே. கோட்டைப் பற்றி நேரில் பேசலாம். கிறிஸ்துமஸுக்கு வருகிறேன். அம்மாவிடம் சொல்லி எனக்காகக் கொஞ்சம் குங்குமப்பூ ரொட்டி ஒதுக்கி வைக்கச் சொல்.

அன்புடன்,
டிஸா


டால்ஷோ
ஜனவரி 30

டிஸா,

நலம் விசாரிக்கப் போவதில்லை.

கிறிஸ்துமஸுக்கு வந்தாய். தூங்கினாய். பன்றி இறைச்சி தின்றாய். நான் கோட்டைப் பற்றி வாயெடுத்த ஒவ்வொரு தடவையும் கோடரியை எடுத்துக்கொண்டு விறகு பிளக்கப் போனாய். ஏப்ரல் வரைக்கும் போதுமான விறகு கிடக்கிறது. அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். எனக்குப் புரியவில்லை. உனக்குக் குளிர் பிடித்துவிட்டது என்று நினைத்து வெந்நீர் வைத்துக் கொடுத்தேன்.

நேற்று இரண்டாவது கூட்டம். அம்மா காப்பிக் கூஜாவை எடுத்துக்கொண்டு வரிசை வரிசையாக ஊற்றிக்கொண்டிருந்தாள். போர்யே கத்திக்கொண்டிருந்தார். வெளியூர்க்காரன் எவனோ வெப்பமான அறையில் உட்கார்ந்து எங்கள் ஊருக்குச் சாவுத் தேதி குறிக்கிறான் என்றார். அப்போது ஸ்டெல்லான் சிரித்தார். எங்களுக்குப் பரிசு கொண்டுவந்தவர் போலச் சிரித்தார்.

"வெளியூர்க்காரங்க இல்ல, போர்யே. இந்தப் பள்ளியிலயே படிச்ச பொண்ணு போட்ட கணக்கு இது. உங்க டிஸா. அவளோட முதுகலை ஆய்வேடே இதுதான். நீங்க பெருமைப்படணும்."

எல்லாரும் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா கூஜாவைச் சாய்த்தபடியே நின்றாள். கோப்பை நிறைந்தது. தட்டும் நிறைந்தது. பிறகு அடுத்த ஆளிடம் நகர்ந்து, "பால் ஊத்தட்டுமா?" என்று கேட்டாள்.

"நல்லாத்தான் படிக்க வச்சிருக்க, குன்னெல்" என்றார் போர்யே அம்மாவிடம். "உன் அடுப்பையே அணைச்சுட்டாளே."

"உனக்குப் பன் வேணுமா வேணாமா, போர்யே?"

எடுத்துக்கொண்டார். அவ்வளவு கோபமாக ஒருவர் பன் தின்று நான் பார்த்ததில்லை.

இன்று பள்ளியில் என் பெயர் "கோடு போட்டவ தங்கச்சி". ஆஸ்தா டீச்சர் மட்டும் அப்படிக் கூப்பிடவில்லை. என்னைப் பார்க்கவுமில்லை. அது அதைவிட மோசம்.

தப்பு எங்கே என்று கேட்டு உனக்கு இரண்டு கடிதம் எழுதினேன். உன்னிடமே கேட்டேன்!

ஹில்லெவி


மாணவர் விடுதி
பிப்ரவரி 24

அன்புள்ள ஹில்லெவி,

நீ நலம் கேட்கவில்லை. நான் கேட்கிறேன். நீயும் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள்?

உன்னிடம் மறைத்தது தவறு. கணக்குப் போட்டது தவறில்லை. இரண்டையும் ஒன்றாக்காதே.

போன வசந்தத்தில் துறையில் ஆய்வுத் தலைப்புகளை ஒட்டினார்கள். நம் நகராட்சி கொடுத்ததும் அதில் ஒன்று. தரவில் ஊர்ப் பெயர் இல்லை, எண் மட்டும்தான். நம் ஊர் எது என்று எனக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. ஓர் ஆண்டில் இரண்டே பெண் குழந்தைகள் பிறந்திருந்தார்கள். ஒன்று நீ. அப்போதே "இது என் ஊர், எனக்கு வேண்டாம்" என்று சொல்லியிருக்கலாம். அப்போது வேறு யாரோ எடுத்திருப்பார்கள். டால்ஷோ ஒரு பேருந்து நிறுத்தம் என்று நினைக்கிற யாரோ. அதை என்னால் தாங்க முடியவில்லை.

கோடு ஏன் விழுகிறது என்று கேட்டாய். இதோ பதில். கடந்த பத்தாண்டில் டால்ஷோவிலிருந்து ஏழு பெண்கள் மேற்படிப்புக்குப் போனார்கள். ஒருத்தியும் திரும்பவில்லை. ஆகவே மாதிரிக் கணக்கில் "திரும்பி வருவோர்" என்ற இடத்தில் பூஜ்யம் போட்டு, கோடையிலேயே முதல் கணக்கை நகராட்சிக்குக் கொடுத்தேன். பையன்கள் சிலர் திரும்புகிறார்கள், ஆனால் பிறப்புகளைக் கணக்கிடுவது பெண்களை வைத்துத்தான். இதில் என் விருப்பு வெறுப்பு ஏதும் இல்லை. தரவில் உள்ளதை எழுதினேன். கோபம் வந்தால் தரவின்மீது காட்டு.

அம்மாவிடம் நான் பேசுகிறேன். தொலைபேசியை அவள் எடுத்தால்.

அன்புடன்,
டிஸா


டால்ஷோ
மார்ச் 4

டிஸா,

அம்மா தொலைபேசியை எடுக்கிறாள். நீ சாப்பிட்டாயா என்று கேட்கிறாள். அவள் பள்ளியைப் பற்றிக் கேட்கவில்லை என்பதால் அவளுக்குக் கோபம் இல்லை என்று நினைத்துக்கொள்ளாதே.

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். அந்த ஏழு பேரில் நீயும் ஒருத்தி, சரிதானே? அதை நீ எழுதவில்லை. ஏழு பேர் என்று ஏதோ ஏழு பெஞ்சுகளைப் போல எழுதியிருக்கிறாய்.

இன்னொன்று. கூட்டத்தில் கொடுத்த தாளில் கோடு விழுகிற இடத்தை நான் ரூலரால் அளந்து பார்த்தேன். இன்னும் ஆறு, ஏழு வருடம் கழித்து. அது நான் படிக்கப் போகிற வயது. அங்கே விழுவது நான். எனக்குப் பதின்மூன்று வயது. நான் இன்னும் எங்கும் போகவில்லை. நகரத்துக்குத் தனியாகப் பேருந்தில்கூடப் போனதில்லை. அதற்குள் நான் திரும்பி வரமாட்டேன் என்று எழுதி நகராட்சிக்குக் கொடுத்துவிட்டாய். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா? அதே வீட்டில், பக்கத்துக் கட்டிலில் இரண்டு வாரம் தூங்கினாயே!

தரவின்மீது கோபப்படச் சொல்கிறாய். தரவு என் கட்டிலுக்குப் பக்கத்தில் படுக்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். இதை அம்மா எழுதச் சொன்னாள்.

ஹில்லெவி


மாணவர் விடுதி
மே 6

ஹில்லெவி,

உன் கடிதத்துக்கு இரண்டு மாதம் பதில் எழுதி எழுதிக் கிழித்தேன். நலமா?

வரும் வியாழக்கிழமை மதியத்துக்கு முன் என் ஆய்வேட்டை விவாதிக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் வரலாம், கேள்வி கேட்கலாம். தொலைவில் இருப்பவர்கள் கணினி வழியே கலந்துகொள்ளலாம். இணைப்பு முகவரியைக் கீழே எழுதியிருக்கிறேன். நாஹித் ஒரு வாரமாக என்னோடு சாப்பிடுவதில்லை. எதிர்வாதியும் எழுதியவளும் ஒரே தட்டில் சாப்பிடக் கூடாதாம். அவள் எதைக் கேட்கப் போகிறாள் என்று எனக்குத் தெரியும்.

நீ வருவாயா என்று கேட்கவில்லை. முகவரியைத் தருகிறேன், அவ்வளவுதான்.

டிஸா


டால்ஷோ
மே 15

டிஸா,

நான் நலம். நீ நலமாக இருப்பதைத் திரையில் பார்த்தேன். மெலிந்திருக்கிறாய்.

உன் பக்கம் நடந்தது உனக்குத் தெரியும். என் பக்கம் நடந்தது தெரியாது. அதனால் எழுதுகிறேன்.

ஆஸ்தா டீச்சர் நூலகக் கணினியைத் திறந்து கொடுத்தார். நான் தனியாக உட்கார்ந்தேன். நீ பேசி முடித்தாய். நன்றாகப் பேசினாய். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. பிறகு நாஹித் எழுந்தாள். இவ்வளவு சின்ன உருவமாக இருப்பாள் என்று நான் நினைக்கவில்லை.

"ஏழு பேர் போனாங்க, ஒருத்தரும் வரல. சரி. அதனால எட்டாவது பொண்ணும் வரமாட்டான்னு எப்படி எழுதின, டிஸா?"

"தரவுல திரும்பினவங்க யாருமே இல்ல."

"ஏழே பேரை வச்சு முடிவு கட்டினா அப்படித்தான் தெரியும். மூணுல ஒருத்தி திரும்பி வர்ற ஊர்லகூட, எப்பவாவது தொடர்ந்து ஏழு பேர் வராம போகலாம். பாக்காததும் இல்லாததும் ஒண்ணா? முதல் வருஷப் பாடம் இது. இந்தத் தப்பை உன்னை மாதிரி ஒருத்தி தெரியாம செய்யமாட்டா. ஏன் செஞ்ச?"

நீ தண்ணீர் குடித்தாய். அந்த நேரத்தில்தான் அம்மா உள்ளே வந்தாள். வியாழக்கிழமைக்கு வழக்கமான பட்டாணி சூப் அடுப்பில் இருந்தது. ஏப்ரனும் தலைத்தொப்பியுமாகக் கதவருகே நின்றாள். கேமராவில் தெரியாத இடத்தில். "பக்கத்துல வாம்மா" என்று சைகை காட்டினேன். வேண்டாம் என்று கையை ஆட்டினாள். ஆனால் போகவில்லை.

தேர்வாளர், "பார்வையாளர்கள் யாராவது?" என்றார். நான் மைக்கைத் திறந்தேன். பேசினேன்.

"நான் டால்ஷோலேருந்து பேசறேன். அந்த எட்டாவது பொண்ணு நான்தான். எனக்கு ஒரே கேள்வி. நீ திரும்பி வருவியா?"

யாரோ சிரித்தார்கள். தேர்வாளர் தயவாகத்தான் சொன்னார்: "இது ஆய்வேட்டைப் பத்தின கேள்வி இல்லையேம்மா."

"மன்னிக்கணும்" என்றாள் நாஹித், "ஆய்வேடே இந்தக் கேள்விதான்."

நீ கேமராவை நேராகப் பார்த்தாய். "இல்ல. நான் வரமாட்டேன்" என்றாய்.

நான் திரும்பிப் பார்த்தேன். அம்மா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள். "சூப்பு அடிப்பிடிச்சுடும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். சூப் அடிப்பிடிக்காது. பெரிய பானை, சின்னத் தீ. எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகுதான் நீ இன்னொரு வாக்கியம் சொன்னாய். "ஆனா அது என்னைப் பத்தி மட்டும்தான் உண்மை. அதை எல்லார் மேலயும் எழுதிட்டேன்." அம்மா இதைக் கேட்கவில்லை. நான் போய்ச் சொல்லவும் இல்லை. ஏன் சொல்ல வேண்டும்? நீ எங்களிடமிருந்து எட்டு மாதம் மறைத்தாய். ஒரு வாக்கியத்தை நீயே கொண்டுவந்து அவளிடம் சேர்.

சூப்புக்குப் பிறகு வழக்கம்போலப் பான்கேக் போடும்போது அம்மா மூன்றைக் கருக விட்டாள். பிள்ளைகள் அதையும் தின்றார்கள்.

ஹில்லெவி


மாணவர் விடுதி
மே 27

அன்புள்ள ஹில்லெவி,

அம்மா அங்கே நின்றது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். அதையேதான் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன். கேமராவைப் பார்த்துச் சொல்லியிருக்க முடியாது.

அம்மாவிடம் பேசினேன். என்ன பேசினோம் என்று அவள் உன்னிடம் சொல்லவில்லை என்றால் நானும் சொல்லப் போவதில்லை.

நாஹித் கேட்டதற்குப் பதில் உனக்கும் சேர வேண்டும். அந்த இடத்தில் எண் போட்டபோது நான் தரவைப் பார்க்கவில்லை. என்னை நினைத்துக்கொண்டுதான் போட்டேன். திரும்பமாட்டேன் என்பதில் எனக்கு அவ்வளவு உறுதி. அந்த உறுதி எல்லாருக்கும் இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன். உனக்கும். தரவின்மீது கோபப்படச் சொன்னது கோழைத்தனம்.

மாவட்டம் முழுக்க எடுத்துக்கொண்டால், போன பெண்களில் சிலர் திரும்புகிறார்கள். அந்த விகிதத்தை வைத்துக் கணக்கை மறுபடி போட்டேன். இப்போது கோடு விழவில்லை, மெல்ல இறங்குகிறது. அதைச் சுற்றி அகலமான ஒரு பட்டை, உண்மை அதற்குள் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். பள்ளி நிற்குமா என்றால், "தெரியாது" என்பதுதான் நேர்மையான விடை. தேர்வாளர் ஏற்றுக்கொண்டார், நான் தேறிவிட்டேன். திருத்தத்தை அன்றே ஸ்டெல்லானுக்கு அனுப்பினேன். பள்ளியைப் பற்றி முடிவெடுக்கும் நகராட்சி மன்ற உறுப்பினர்களுக்குக் காகிதங்கள் ஏற்கெனவே போய்விட்டனவாம். கூட்டத்தன்று மேசையில் வைப்பதாகச் சொன்னார்.

கடைசியாக ஒன்று. முன்பே கேட்டிருக்க வேண்டியது. நீ திரும்பி வருவாயா?

உடம்பைப் பார்த்துக்கொள். அம்மாவையும்.

அன்புடன்,
டிஸா


டால்ஷோ
ஜூன் 11

டிஸா அக்கா,

எல்லாரும் நலம். உன் நலத்தை அம்மா சொல்லித் தெரிந்துகொண்டேன்.

மன்றக் கூட்டத்துக்கு நானும் அம்மாவும் போர்யே வண்டியில் போனோம். வழி முழுக்க அவர் உன்னைத் திட்டினார். அம்மா ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தாள். கடைசியில், "போதும் போர்யே, என் பொண்ணு அவ" என்றாள். அவர் வாயை மூடி ரேடியோவைப் போட்டார். உன்மீது எனக்கு இருந்த கோபம் அப்போது அவர்மீது போயிற்று. திரும்பி உன்னிடமே வந்துவிட்டது, கவலைப்படாதே.

பார்வையாளர் வரிசையில் உட்காரலாம், பேசக் கூடாது. உன் திருத்தத் தாள் ஒவ்வொரு உறுப்பினர் முன்னாலும் இருந்தது. பலர் அதன்மேல் காப்பிக் கோப்பையை வைத்திருந்தார்கள். ஒரு பெண் உறுப்பினர் மட்டும் கையில் எடுத்துக் கேட்டார்.

"இது என்ன, ஸ்டெல்லான்?"

"அந்த மாணவியோட திருத்தம். போக்கு மாறல. இறக்கம்தான்."

"மாறலயா? அப்ப சரி."

"மாறிடுச்சு!" என்று போர்யே எழுந்து கத்தினார். "தெரியாதுன்னு எழுதியிருக்காய்யா! படிச்சாவது பாருங்க!"

தலைவர் சுத்தியலால் தட்டினார்.

"அதை எடுத்து உங்க மண்டையில தட்டிக்குங்க!"

அவரை வெளியே அனுப்பினார்கள். பிறகு கைகளைத் தூக்கினார்கள். மூடுவது என்று முடிவாயிற்று. நான் உறுப்பினர்களின் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாருக்கும் கோபம் இல்லை, வெட்கமும் இல்லை. சாப்பாட்டு இடைவேளை எப்போது என்று ஒருவர் பக்கத்து ஆளைக் கேட்டார்.

நீ வரவில்லை. வந்திருந்தாலும் உன்னைப் பேச விட்டிருக்க மாட்டார்கள் என்று தெரியும். பேச விடாவிட்டாலும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம்.

உன் முதல் கணக்கைக் கொடுத்தபோது எல்லாரும் நம்பினார்கள். உனக்குத் தெரியாது என்று நீ சொன்னபோது அது கோப்பைக்கு அடியில் போயிற்று. உனக்குக் கொடுக்கிற பட்டத்தில் இதற்கு என்ன செய்வது என்று ஒரு பாடம் இருந்ததா? இருந்தால் புத்தகத்தின் பெயரை அனுப்பு.

அம்மா ஆஸ்தா டீச்சரிடம், "டிஸா பாஸாயிட்டா" என்று சொன்னாள். குரலில் பெருமை இருந்தது. அதற்கும் எனக்குக் கோபம் வந்தது. அம்மாவுக்கு ஆகஸ்டிலிருந்து வேலை இல்லை.

இப்போது உன் கேள்வி. சொல்ல மாட்டேன். வருவேன் என்று சொன்னால் அதை ஒரு கோடாக்கிவிடுவாய். வரமாட்டேன் என்று சொன்னால், நீ சரியாகத்தான் எழுதினாய் என்று ஆகிவிடும். நான் தெற்கே வந்து படிப்பேன். ஒருவேளை நீ படித்ததையே படிப்பேன். நாஹித்தைப் போல எழுந்து நின்று கேட்பேன். அதற்குப் பிறகு எங்கே இருப்பேன் என்பது என் விஷயம். என் கட்டத்தில் எதையும் எழுதாதே. காலியாக விடு.

நாஹித்துக்கு என் வணக்கம். மறுபடி உன்னோடு சாப்பிடுகிறாளா?

உன் தங்கை,
ஹில்லெவி

பி.கு. இன்று கடைசி நாள். பாட்டுப் பாடினோம், எல்லாரும் போய்விட்டார்கள். அம்மா பானைகளைக் கழுவிக் கவிழ்த்தாள், நான் துடைத்தேன். அவள் ஒவ்வோர் அறையாகப் போனாள். நூலகம், வகுப்புகள், சாப்பாட்டுக் கூடம். வெளியே வெயில் அப்படி அடித்தது, விளக்கு எரிகிறதா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. அம்மா ஒன்றைக்கூட விடவில்லை. விளக்குகள் அணைக்கப்பட்டன.